ஹம்மை அகற்றிய முறை

2087 பிப்ரவரி 11, 09:10. நிலவு நிலையம், 163ஆம் நாள். ஆட்கள் 2, உள்ளே 1.

பாறையில் அடித்த நான்கு உணரிகளும் வேலை செய்கின்றன. நில அதிர்வைக் காதால் கேட்டுக் குறிப்பது என் வேலை. பாறையைத் துளைப்பது ஜெஸிந்தா அக்காவின் வேலை. நேற்று வண்டியில் தெற்கே 11 கிலோமீட்டர் போனார். மேட்டுக்கு அப்பால் ரேடியோ எட்டாது. 14ஆம் தேதி நண்பகல் திரும்புவார்.

மேடு மறைக்கும் முன் அக்கா கடைசியாகப் பேசியது: “ஏல மாறா, எப்பப் பாரு அந்தப் பெட்டியத் தொறந்து நோண்டிக்கிட்டே இருக்காத. நீ தாலி கட்ட அதுக்குக் கழுத்தும் கெடயாதுல.”

பெட்டி என்றால் உணரிகளின் ஒலியைப் பெருக்கிக் காதுக்குத் தரும், மேசைமேல் இருக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர். காலை எட்டிலிருந்து அதில் ஹம், ஒரே சுருதியில் ரீங்காரம். எரிச்சல்.

பிப்ரவரி 11, 15:40

திறந்தேன். கட்டியது யாரோ அவசரக்காரர். எர்த் வயர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடின. எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேர்த்தேன். உள்வரும் வயருக்கு உறை போட்டேன். இரண்டு கெப்பாசிட்டர் மாற்றினேன். ஒலி தெளிந்தது.

ஹம் போகவில்லை. மணிக்கு ஒருமுறை, பத்து நிமிடம். சூட்டில் விட்டுப்போகும் சால்டர் என்று முடிவு செய்தேன். எல்லா மூட்டுகளையும் மறுபடி பற்றவைத்தேன்.

பிப்ரவரி 12, 11:20

அளந்தேன். நொடிக்கு ஐம்பது அதிர்வு. கல்லூரி முதலாண்டுப் பையனுக்கும் தெரியும், ஐம்பது என்றால் வீட்டுக் கரண்ட். அந்த ஒரு சுருதியை மட்டும் விழுங்கும் வடிகட்டி ஒன்று கட்டிப் போட்டேன்.

செத்த அமைதி. கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்டேன். வீணையில் விரல் நகர்வதுகூடக் கேட்கிறது. நல்ல வேலை.

பிப்ரவரி 13, 10:05

கட்டுப்பாட்டு மையத்திலிருந்து சுல்தானா மேடம். நிலவைச் சுற்றும் கலம் எடுத்த படத்தில் வண்டி இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறதாம்.

“தெற்குப் பக்கம் டிரில் ஓடுற சத்தம் ஏதாவது கேக்குதா, நன்மாறன்?”

“ஒண்ணுமே இல்ல மேடம். சுத்தமா இருக்கு. இருந்த ஹம்மையும் எடுத்துட்டேன்.”

அப்படியானால் துளைத்து முடித்துவிட்டுக் கல் பொறுக்குகிறாள் போல, நாளை நண்பகல்வரை பார்ப்போம் என்றார். சரி என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பிப்ரவரி 14, 14:30

வரவில்லை. இரண்டரை மணி நேரத் தாமதம்.

வீட்டுக் கரண்ட் என்று எழுதியிருக்கிறேன். நிலவில் எந்த வீடு? எந்தக் கம்பம்? இந்த நிலையம் முழுக்க பேட்டரி. இங்கே ஐம்பது எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவே இல்லை. ஹம் என்றால் ஐம்பது, ஐம்பது என்றால் குப்பை. அப்படித்தான் படித்தேன்.

அக்காவின் டிரில் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று. நொடிக்கு ஐம்பது.

வடிகட்டிக்குள் போகாமல் உணரிகளிலிருந்து நேரே பதிவாகும் ஒலியை எடுத்துப் பார்த்தேன். தெற்கு உணரியில் மட்டும் இருக்கிறது. 11ஆம் தேதி 08:00 தொடங்கி அறுபத்தொரு தடவை. நடுவில் மூன்று நீண்ட இடைவெளி, தூங்கியிருப்பார். முதலில் பத்து நிமிடம். பிறகு ஏழு. நான்கு. இன்று 14:00க்கு ஒரே நிமிடம்.

நாள் முழுக்க நான் காதில் மாட்டிக்கொண்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். வண்டி நின்றுபோனதும் அதை நம்பித்தான் டிரில்லை ஓட்டியிருக்கிறார். வண்டியில் காற்றைச் சுத்தம் செய்வதும் டிரில்லை ஓட்டும் அதே பேட்டரிதான். ஒவ்வொரு தடவையும் மூச்சிலிருந்து எடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். நான் பாட்டுக்

பிப்ரவரி 14, 15:12

வடிகட்டியைப் பிய்த்து எறிந்தேன். 15:00க்கு வந்தது. முப்பத்தெட்டு நொடி. நடுவில் ஒருமுறை திக்கியது, மறுபடி ஓடியது.

மையத்துக்குச் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. டிரில் சத்தம் வருகிறது என்று மட்டும். இப்போதுதான் தொடங்கியது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

சுல்தானா மேடம்: “மீட்பு வண்டி வர இருபது மணி நேரம் ஆகும். நிலையத்தைக் காலியா விட்டுட்டு நீங்க போகக் கூடாது.” பிறகு: “சொல்ல வேண்டியத சொல்லிட்டேன். மைக்க அணைக்கிறேன்.”

இதை யார் படித்தாலும், இனிச் செய்யப்போவது:

1. 15:30க்குக் கிளம்புவேன். ஒன்பது மணி நேரக் காற்று எனக்கு. அக்காவுக்கு ஒரு காற்று உருளை, ஒரு பேட்டரி. நடந்தால் ஐந்து மணி நேரம்.

2. மணிக்கு ஒருமுறை நின்று, தலைக்கவசத்தைப் பாறையில் வைத்துக் கேட்பேன். சத்தம் இல்லாவிட்டாலும் நடப்பேன்.

3. உயிரோடு இருந்தால், அவர் திட்டி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன். பிறகு 11ஆம் தேதி எட்டு மணியிலிருந்து எல்லாம் சொல்வேன்.

4. இல்லாவிட்டால், விசாரணையில் சத்தம் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். கேட்டது.