பார்த்தாச்சு என்று எழுதிய சீட்டு

இன்று மத்தியானம் விழுப்புரம் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் மீன் கருகிய நாற்றம் அடித்தது. போர்ட்டர் ஒவ்வொரு மூட்டையாக முகர்ந்து பார்த்து, "எவனோ கருவாட்டுப் பொட்டிய வெயில்ல வெச்சிட்டுப் பூட்டான் சார்" என்று திட்டினான். கருவாடு இல்லை என்று எனக்குத் தெரியும். எழுந்துபோய் ஃபேன் சுவிட்சைப் பார்த்தேன். கறுத்து, விளிம்பெல்லாம் பொரிந்து போயிருந்தது. சுவிட்சின் பேக்கலைட் எரிந்தால் அந்த நாற்றம்தான். மெயினை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் ஒரு ரசீதுகூட ஒழுங்காக எழுத வரவில்லை.

அந்த நாற்றத்தை நீ முதன்முதலில் முகர்ந்தது என் குவார்ட்டர்ஸ் வராந்தாவில். பழைய ரேடியோ ஒன்றின் குமிழ் தீய்ந்தது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடி வரைக்கும் ஓடினாய். "இன்னாய்யா இது, கரண்ட்டு கூடவா கவிச்சி துண்ணுது?" என்று அங்கிருந்து கத்தினாய். என் மனைவி சிரித்த சிரிப்பில் வெங்காயம் போடாமல் உனக்கென்று தனியாக வைத்திருந்த சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

நயினாரே, நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று ஏழு வருஷமாகப் பாக்கி நிற்கிறது. நீ இருந்தபோது சொல்லாதவன் இப்போது காகிதத்தில் எழுதுகிறேன். கோழை வேறு எப்படிச் செய்வான்?

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்கள் விட்டுப்போன சாமான்களை ஏலத்தில் எடுத்து யார் யாரோ ரயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடி உடைந்த கிராமபோன் ஒன்று உன் பெயருக்கு வந்து விழுப்புரத்தில் தங்கிவிட்டது. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை மூட்டை விற்பவனுக்கு இது எதற்கு என்று நினைத்தேன். நீ வந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்கப் போனாய். திறப்பதற்கு முன் மூன்று தடவை மெதுவாகத் தட்டினாய். எதற்கு என்று கேட்டேன். "கொஞ்சம் பொறுங்க. உள்ள இருக்கறவங்க கெளம்பட்டும்" என்றாய். இரண்டு கரப்பான்களும் ஒரு சிலந்தியும் வெளியே வந்து சாவகாசமாகப் போயின. அப்புறம்தான் திறந்தாய். எனக்கும் இந்தப் பழைய சாமான் பைத்தியம் உண்டு என்று அன்றைக்குத்தான் உன்னிடம் சொன்னேன்.

அதன்பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! காலை பாசஞ்சரில் வருவாய். மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, வால்வு ரேடியோ, பம்பு ஸ்டவ், யாருக்கும் உபயோகம் தெரியாத ரொட்டி சுடும் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் துருவைச் சுரண்டி உயிர் கொடுத்தோம். உள்ளே நீ, வெளியே நான். காயில் கம்பியும், கரண்டை உடம்புக்கு வரவிடாத மைக்காத் தகடும், திருகும் உன் கையில். ஒயரும் பிளக்கும் பாலிஷும் என் கையில். சமண வழக்கப்படி அந்தி சாய்ந்தால் நீ சாப்பிட மாட்டாய் என்பதால் மத்தியான வண்டியைப் பிடித்துவிடுவாய்.

ஒரு சட்டம் போட்டிருந்தாய். எந்தச் சாமானும் வராந்தாவை விட்டுப் போவதற்குமுன் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பல்பு, இரண்டு ஒயர். சாமானுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு, ஒரு ஒயரை அதன் இரும்பு உடம்பிலும் மற்றதைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தால் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் அந்தச் சாமான் ஆளைக் கொல்லும். பிளக் மாட்டுவது கடைசி வேலை என்பதால் பார்ப்பதும் என் பொறுப்பு. பார்த்துவிட்டு பார்சல் சீட்டு ஒன்றில் "பார்த்தாச்சு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாமானில் கட்டுவேன். சீட்டு இல்லாமல் நீ எதையும் தொட்டதில்லை.

உன் வீட்டம்மாவுக்கு நம் இரண்டு பேர் மேலும் கோபம். உங்கள் வீட்டுக்கு நான் வந்தால் காப்பி கொடுத்துக்கொண்டே ஆரம்பித்துவிடும். "இத்தினி இரும்பக் கொணாந்து அடுக்கி வெச்சிருக்கீங்களே அண்ணா, எனக்குன்னு ஒண்ணாச்சும் ஒதவுதா?" ரொட்டிப் பெட்டியில் அப்பளம் சுட்டுப் பார்த்தது அந்தப் புண்ணியவதிதான். நன்றாகத்தான் வந்தது. கரிப்பெட்டியில் இஸ்திரி போடும்போது பொறி விழுந்து மகளின் தாவணி ஓட்டையானதிலிருந்து, "ஒரு கரண்ட்டு இஸ்திரிப் பொட்டி பண்ணிக் குடுங்க, அப்புறம் நான் வாயே தொறக்கல" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

கிடைத்தது. ஜெர்மன் தேசத்தில் செய்த பெட்டி, புதுச்சேரி ஏலத்தில். பிளக்கை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். இரண்டு ஞாயிறு நீ உள்ளே வேலை பார்த்தாய். மைக்கா புதிதாக மாற்றினாய். அடித்தட்டை முகம் தெரியத் தேய்த்தாய். மூன்றாவது ஞாயிறு நான் நம் ஊர் மூன்று கால் பிளக்கை மாட்டினேன். ஒயரில் சிவப்பு, கறுப்பு, சாம்பல் என்று மூன்று நிறம். சிவப்பில் கரண்ட் வரும், கறுப்பில் திரும்பும். நம் ஊரில் எந்த எலெக்ட்ரீஷியனும் அப்படித்தான் கட்டுவான். மிச்சமிருந்த சாம்பலை மண்ணுக்குப் போகும் காலில் கட்டினேன்.

அன்று காலையில் நீ வருமுன் டெஸ்ட் லாம்ப் பல்பு என் கையிலிருந்து நழுவி உடைந்துவிட்டது. சமையலறைப் பல்பைக் கழற்றியிருக்கலாம். ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், அவ்வளவுதான். அப்போது ஸ்டேஷனில் மணி அடித்தார்கள். இந்த வண்டியை விட்டால் நீ வீடு சேரும்போது இருட்டிவிடும், பட்டினிதான். சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டாய்.

"யோவ் பார்சலு, பாத்தாச்சா?"

"பாத்தாச்சுய்யா. ஜல்தி கெளம்பு, உன் சோறு பூடும்."

சீட்டும் எழுதிக் கட்டினேன். அந்தக் கை எனக்கு இன்னும் இருக்கிறது. அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் ரயில்வே போனில் திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து சொன்னார்கள். எந்த வண்டியில் ஏறினேன், எப்படி வந்தேன் என்பது நினைவில்லை. உன் வீட்டம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இஸ்திரி போட விரித்த ஜமக்காளம், அதன்மேல் மகளின் தாவணி, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். எல்லாம் அப்படியே இருந்தன. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்காமலே சொன்னாய். "சூடே ஏறலியேன்னு சொன்னாய்யா. கிண்ணத்துல வெரல நனச்சித் தொட்டுப் பாத்தா." எல்லா வீட்டிலும் பெண்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஈரவிரல் சுர்ரென்றால் சூடு வந்துவிட்டது.

சூடே ஏறவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே மைக்கா நழுவியிருந்தால் பெட்டி சூடாகியிருக்கும், ஷாக்கும் அடித்திருக்கும். சூடேறாமல் ஷாக் மட்டும் அடிக்கிறது என்றால் கோளாறு ஒயரில். அதாவது என்னிடத்தில். உனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றைக்கு உனக்கு யோசனை எங்கே ஓடியது!

உன் மைத்துனர்கள் செஞ்சியிலிருந்து வந்தார்கள். பெரியவன் என் சட்டையைப் பிடித்தான். "நீதானேடா அந்த ரயில்காரன்? நீயும் சேந்துதானே பண்ணீங்க?" அப்போது நீ என்ன செய்தாய் தெரியுமா? எழுந்து வந்து, பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினாய். "அவன விடு. அவன் பாத்துட்டுத்தான் குடுத்தான், இதோ எழுதியிருக்கான். ரயிலு குலுக்குன குலுக்கல்ல நான் வெச்ச மைக்கா நழுவியிருக்கும். என் கையால போனது." மைத்துனன் என் சட்டையை விட்டான். ஊரே உன்னைப் பார்த்தது. தூணோரம் நின்றிருந்த உன் மகளும் பார்த்தாள். நான் கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டேன்.

போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போன பிறகு, "இந்தச் சனியன் உன் கண்ணுல படவேணாம்" என்று சொல்லிப் பெட்டியை நான் கொண்டுவந்தேன். அப்போது நல்ல எண்ணம்தான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். வீட்டில் திறந்து பார்த்தேன். உன் மைக்கா வைத்த இடத்தில் அசையாமல் இருந்தது. சிவப்பு ஒயர் நேராகப் போய்ப் பெட்டியின் உடம்பில் ஒரு திருகில் முடிந்திருந்தது. அந்தத் தேசத்தில் மண்ணுக்குப் போகும் ஒயருக்குச் சிவப்பு நிறமாம், பிற்பாடு ஒருவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதில் நான் கரண்டை விட்டிருக்கிறேன். உள்ளே பார்த்த உனக்கு வெளியே தெரியாது, வெளியே கட்டிய எனக்கு உள்ளே தெரியாது. அதற்காகத்தானே அந்தப் பல்பை வைத்திருந்தாய், பாவி நான்.

பதினாறாம் நாள் கழிந்து நீ கேட்டாய்.

"தொறந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"மைக்காதானே?"

எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது.

"ஆமா" என்றேன்.

தலையாட்டினாய். அன்றிலிருந்து பிராயச்சித்தமென்று உப்பை விட்டாய். ஒருவேளைச் சாப்பாடு. சாமான்கள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி என் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டாய். வீட்டில் கரண்டைத் துண்டிக்கச் சொல்லிவிட்டாய். நடக்கும்போது தரையைப் பார்த்து நடப்பவன், அதற்கப்புறம் நிமிரவே இல்லை. ஒரு தடவை மண்டியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாய்: "எறும்பு சாவக்கூடாதுன்னு பாத்துப் பாத்து வெச்ச காலு இது. வூட்டுக்குள்ள ஒரு உசுரக் கொன்னுட்டேன்யா." அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய் என்று பயந்தேன். உன் சிநேகிதம் வேண்டும் என்பதற்காக உன்னைக் கொலைகாரனாகவே வைத்திருந்தேன்.

மகளை மாமன்மார் செஞ்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் உன்னோடு பேசவில்லை. விழுப்புரத்தில்தான் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்தில் நீ பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனாய். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அவ நல்லா இருக்காளாய்யா?" என்று ஒரே கேள்வி. நல்லா இருக்கா என்று சொல்வேன். அவள் வீட்டுக்கு மல்லாட்டை உருண்டை வாங்கிக்கொண்டு போவேன். அதைக் கொடுத்துவிட்டு, உண்மையைச் சொல்லாமலே வருவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். இடுப்பில் குழந்தை. மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மஞ்சளித்துப்போன பார்சல் சீட்டு.

"அப்பா பொட்டியில பூசை சாமானோட இருந்திச்சி மாமா. உங்க கையெழுத்தாச்சே, உங்களுக்கு வேணுமோ இன்னாவோன்னு எடுத்துக்கினு வந்தேன்."

பூசைச் சாமானோடு வைத்திருந்திருக்கிறாய். நான் தப்புச் செய்யவில்லை என்பதற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்தியிருக்கிறாய்.

சொல்லிவிட்டேன் நயினாரே. பல்பு உடைந்தது, ஸ்டூலில் ஏறாதது, சிவப்பு ஒயர், அந்த "ஆமா" எல்லாம். அவள் கத்துவாள், குழந்தையை இறக்கிவிட்டு என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"அன்னைக்கே தெரியும்மா."

"கொழந்த பொறந்தப்ப அப்பா வந்தாரு மாமா. வாசல்ல நின்னுக்கினு, ஒரே ஒரு வாட்டி மொகத்தப் பாத்துட்டுப் போயிடறேன்னாரு. நான் காட்டல. வெயிலு. ஒரு சொம்புத் தண்ணி கூடக் குடுக்கல." குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அதுக்கு மொத வாரம்தான் நீங்க உருண்டை வாங்கியாந்து குடுத்தீங்க."

எழுந்துகொண்டாள். சீட்டை என் பக்கம் தள்ளி, "இது உங்களுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் இனி வரமாட்டாள். வரவும் வேண்டாம்.

சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் சாகும்வரை அங்கேதான் இருக்கும்.

இன்று சாயங்காலம் அந்த எரிந்த சுவிட்சை நானே மாற்றினேன். திறப்பதற்குமுன் மூன்று தடவை தட்டினேன். உள்ளே யாரும் இல்லை, எல்லாம் வெந்திருக்கும், இருந்தாலும் நின்றேன். "இன்னா சார், கதவா தட்றீங்க?" என்று போர்ட்டர் கேட்டான். புதியதை மாட்டிவிட்டு டெஸ்ட் லாம்ப் கொண்டுவரச் சொல்லி, ஃபேனின் உடம்பில் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. மறுபடி பார்த்தேன். மறுபடியும். போர்ட்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"பாத்தாச்சா சார்? போடலாமா?"

அந்த ஒரு சொல்லைத்தான் அவன் கேட்கிறான். விளக்கை அவன் கையில் கொடுத்து, நீயே ஒரு தடவை பார் என்றேன்.