கோல்பர்னிடம் ஒரு வார்த்தை

கனெக்டிகட் ஆற்றங்கரை,
ஜூன் 1894

என் அன்பு மனைவிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். காலையில் எங்கள் கல்லூரிப் படகில் பழைய எட்டுப் பேரும் ஏறித் துடுப்புப் போட்டோம். பாதி தூரத்திலேயே எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

"டேய், தொப்பையை எல்லாம் கரையிலேயே வச்சுட்டு வந்திருக்கலாம்!" என்று கோல்பர்ன் கத்தினான். நாம் கேள்விப்பட்டபடி அவனுடைய மர ஆலையில் கணக்கர் வேலை காலியாக இருப்பது உண்மைதான்.

விருந்து முடிந்ததும் அவனிடம் பேசலாம் என்றிருந்தேன். அதற்குள் எலைஹூ என்னைத் தனியே அழைத்துப் போனான். அந்தக் காலத்தில் படகில் எனக்கு முன்னால் உட்காருவானே, அவன்தான். அவன் வேலை பார்த்த வங்கியைப் போன வருஷம் மூடிவிட்டார்களாம்.

"நீ வசதியா இருக்கே. நீ சொன்னா கோல்பர்ன் கேப்பான். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுடா" என்றான். கண் கலங்கியிருந்தது.

போய்ச் சொன்னேன்.

"எலைஹூவுக்கா? திங்கக்கிழமையே வரச் சொல்லு" என்றான் கோல்பர்ன். "உனக்கு ஏதாவது வேணுமாடா?"

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் போட்டிருந்த உன் அண்ணனின் கோட்டைப் பார்த்துத்தான் எலைஹூ என்னை வசதியானவன் என்று நினைத்திருக்க வேண்டும். நாளை திரும்பும் வழியில் ஹார்ட்ஃபோர்டில் இறங்கி நாலைந்து இடத்தில் வேலை விசாரிக்கப் போகிறேன். கோட்டை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டு வை.

உன் கணவன்