நாளுக்குக் கால் அங்குலம்

டோஹா, கட்டார்
14.08.1987

அன்புள்ள பாலேசுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் மனிதனை அவித்து எடுக்கிறது, மற்றப்படி உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊரில் சமாதானம் வந்துவிட்டது, வந்திறங்கிய ஆமியைத் தெருவில் மாலை போட்டு வரவேற்கிறார்கள் என்று எழுதியிருந்தீர். நான் நம்பமாட்டேன். எண்பத்து மூன்றில் வெள்ளவத்தையில் என் குழாய்ச் சாமான் கடையைக் கொளுத்துவதற்கு முதல் நாளும் எல்லோரும் சிரித்துத்தான் கதைத்தார்கள்.

விசயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் என் தங்கச்சி கமலாவதிக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. பருத்தித்துறையில் அவளுக்கு உம்மை விட்டால் ஆளில்லை. முப்பத்தொரு நாள் துடக்குக் கழியும்வரை நீர் அங்கேதான் நிற்கவேண்டும். அதுவரை என் மீன்களின் பாடு என்ன? தொட்டித் தண்ணீர் தன்பாட்டில் வற்றிக்கொண்டே இருக்கும். தைப்பொங்கலுக்கு நான் வந்தபோது அரைவாசிக்கு வற்றி, ஏஞ்சல் மீன் இரண்டு செத்து மிதந்ததை நீர் மறந்திருக்கமாட்டீர். அதற்குப் பிறகு நடந்ததையும் மறந்திருக்கமாட்டீர்.

குறையக் குறையத் தானே நிரப்பும் ஒன்று வேண்டும். இங்கே கடையில் கரண்டில் வேலை செய்கிறது ஒன்று இருக்கிறது. விலை என் ஒரு மாதச் சம்பளம், ஊரிலோ கரண்ட் வருவதே அருமை. அதை விடும். மலிவான வழி மூன்று. போத்தலை நிரப்பி, வாய் தண்ணீர் மட்டத்தில் முட்டக் கவிழ்த்துக் கட்டலாம், கோழிக்கு வைப்பது போல. நாலடித் தொட்டிக்கு ஒரு போத்தல் ஒரு நாளுக்கும் காணாது. ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயால் சொட்டுச் சொட்டாக விடலாம். ஆனால் அதற்கு நிற்பாட்டத் தெரியாது, நீர் வரும்போது வீடு குளமாகியிருக்கும். மூன்றாவது மிதவை வால்வு. கக்கூஸ் தண்ணீர்ப் பெட்டிக்குள் ஒரு பந்து இருக்குமே, அதன் குட்டி. தண்ணீர் இறங்கினால் திறக்கும், ஏறினால் மூடும். மேலே ஒரு பீப்பாய் வைத்தால் சரி.

நாளுக்கு எவ்வளவு வற்றுகிறதென்று அளந்து எழுதும். கண்மட்டத்தில் சொல்ல வேண்டாம்.

அன்புக் கணவன்,
இராசநாயகம்

உரும்பிராய்
02.09.1987

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். தொட்டியைப் பற்றி இரண்டு பக்கம், என்னைப் பற்றி அரை வரியும் இல்லை. மீனாய்ப் பிறந்திருக்கலாம் போல.

பள்ளிக்கூட அடிமட்டத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பத்து நாள் பார்த்தேன். நாளுக்குக் கால் அங்குலம். பத்து நாளும் மாறவில்லை. ஒவ்வொரு நாள் விடியவும் அளந்து, திரும்ப மேல் மட்டத்துக்கு நிரப்பினேன்.

வால்வு விசயத்தை இங்கே விவரம் தெரிந்த ஒருவரிடம் கதைத்தேன். "எங்கடை கிணத்துத் தண்ணியிலை கேத்திலுக்கே கல்லுப் பிடிக்குது. உந்தச் சின்ன ஓட்டை எத்தினை நாளைக்குத் திறந்திருக்கும்? வாய் அகண்ட போத்தில் அஞ்சாறு கவிட்டுக் கட்டுங்கோ. இல்லாட்டி ஆரும் ஒரு ஆள் வந்து ஊத்தட்டும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. உண்மையில் அடைகிற வால்வைவிட ஓர் ஆள் மலிவு.

ஊற்ற ஆளும் இருக்கிறது, பக்கத்து ஒழுங்கையிலேயே. இடக்கையில் இரண்டு விரல் இன்னும் நிமிரவில்லை. ஆனால் வாளி தூக்க வலக்கை போதும். கோபிக்காமல் யோசித்துப் பாருங்கள் அத்தான்.

அன்பு மனைவி,
பாலேஸ்வரி

டோஹா
13.09.1987

பாலேசுக்கு,

விவரம் தெரிந்த ஒருவர்! எனக்கு என்ன, காதிலே பூவா? உமது தம்பி சீவரத்தினம் என்று நேரே எழுதும். பதினாறு வருசமாகக் குழாய் பூட்டுகிறவனுக்கு, வெங்காயம் கிண்டுகிறவன் வால்வு படிப்பிக்கிறான்.

ஒன்றைத் தெளிவாக எழுதுகிறேன், பத்திரமாக வைத்திரும். அன்றைக்கு உம்மை நான் ஓர் அறை அறைந்தேன். ஓம், அறைந்தேன். செத்தது என் மீன், பெண்சாதி என் பெண்சாதி. இடையிலே வந்து என் சட்டையைப் பிடிக்க அவன் யார்? கையில் இருந்த ஸ்பனர் விரலோடு நின்றது அவனுடைய அம்மா செய்த புண்ணியம், மண்டையைப் பிளந்திருக்கும். இனி என் வாசற்படியை அவன் மிதித்தால் காலை முறிப்பேன். நான் சொன்னதைச் செய்கிறவன் என்று உமக்குத் தெரியும்.

லீவில் வரும் நடராசா அண்ணையிடம் பித்தளை வால்வும், ஒரு மாதம் மெல்ல மெல்லக் கரையும் மீன் தீன் கட்டியும் கொடுத்துவிட்டிருக்கிறேன். படம் கீறியும் வைத்திருக்கிறேன். நீரே பூட்டும். போகும்போது வீட்டுத் திறப்பை உம்மோடு கொண்டு போம். அவனிடம் கொடுத்தீரென்று அறிந்தால் பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. நான் வரும்போது மீன் ஒன்று குறைந்திருந்தாலும் என் வாய் பேசாது, கைதான் பேசும்.

அதே பார்சலில் உமக்கொரு சேலை இருக்கிறது. பச்சை. கடையில் கண்டவுடன் உமது நிறத்துக்கு எடுக்குமென்று பட்டது. நான் கோபக்காரன், கெட்டவனில்லை.

இராசநாயகம்

உரும்பிராய்
04.10.1987

அன்புள்ள அத்தானுக்கு,

சேலை நன்றாயிருக்கிறது. வால்வையும் பூட்டிவிட்டேன். இரண்டு தரம் ஒழுகிச் சீலையெல்லாம் நனைந்து மூன்றாம் தரம் சரிவந்தது. நீலப் பீப்பாய் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஒரு செம்பு மொண்டால் பந்து இறங்கிச் சீறுகிறது, மட்டம் ஏறியதும் வாயை மூடுகிறது. சொல்வழி கேட்கிற சாமான்தான். வீட்டில் என்னைத் தவிர இன்னொன்றும் உங்களுக்குப் பயந்து நடக்கிறது.

நாளைக்குக் காலை பருத்தித்துறைக்குப் போகிறேன். யன்னல்களுக்குக் கொளுக்கி போட்டு, கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டியாயிற்று.

தம்பி வந்தான். பயப்படாதீர்கள், படலைக்கு வெளியேதான் நின்றான். "அத்தான்டை சாமான் நல்ல சாமான்தான் அக்கா, எங்கடை தண்ணிதான் கூடாது" என்றான். பிறகு, "மீன் செத்தா உனக்குத் திரும்பவும் அடிப்பாரோ?" என்று கேட்டான். "கட்டாரிலை இருந்து கை நீளுமோடா?" என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மச்சாளுக்குப் பிள்ளை பிறந்ததும் எழுதுகிறேன்.

அன்பு மனைவி,
பாலேஸ்வரி

டோஹா
01.11.1987

பாலேசுக்கு,

நாலாம் திகதிக் கடிதத்துக்குப் பிறகு உம்மிடமிருந்து ஒரு சொல் இல்லை. ரேடியோவில் திரும்பவும் சண்டை, உரும்பிராயில் ஷெல், ஊரடங்கு, றோட்டில் பிணம் என்று சொல்கிறான். சொல்லிவிட்டு உடனே பாட்டுப் போடுகிறான். நேற்று எங்கள் அறையில் ஒருவன், "உன்ரை மீனெல்லாம் பொரிஞ்சிருக்கும்" என்று பகிடி விட்டான். அடித்துவிட்டேன். பல்லொன்று போய்விட்டது. என்னை வேலையால் நிறுத்தப் பார்க்கிறார்கள், நிறுத்தட்டும்.

ஒரு வரி எழுத உமக்குக் கையில்லையா? உயிரோடு இருந்துகொண்டு எழுதாமல் இருக்கிறீரென்றால் அதற்கும் ஒரு நாள் கேட்பேன். மீன் வேண்டாம், நீர் இருந்தால் போதுமென்று எழுதப் பேனையை எடுத்தேன். பொய் எழுத வரவில்லை. உம்மை நினைக்கும்போது தொட்டியும் கூட வருகிறது.

உமது தம்பி முதல் வெடிக்கே ஓடித் தப்பியிருப்பான். சட்டையைப் பிடிக்கத்தான் அவனுக்கு வீரம்.

பதில் போடும்.

இராசநாயகம்

உரும்பிராய்
26.11.1987

இராசநாயகம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நான் உயிரோடு இருக்கிறேன். கமலாவதி மச்சாளுக்குப் பெண்பிள்ளை, இருவரும் சுகம். உங்கள் மீன் பதினொன்றும் சுகம்.

வழி திறந்ததும், இம்மாதம் பதினாறாம் திகதி, பக்கத்து வீட்டு இரத்தினம்மா அக்காவோடு நடந்து வந்து சேர்ந்தேன். ஒழுங்கைக்குத் திரும்பிய முதல் ஆட்கள் நாங்கள்தான். படலையடியிலேயே மணம் அடித்தது. கிணற்றடியில் நாய்கள் நின்றன, கல்லெறிந்து கலைத்தேன். ஓர் உடம்பு குப்புறக் கிடந்தது. முதுகில் நாலு வெடிக் காயம். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. "ஆரோ எவரோ பிள்ளை, பாராதை" என்று இரத்தினம்மா அக்கா என்னைப் பிடித்து இழுத்தா. வலக்கைக்குப் பக்கத்தில் எங்கள் வாளி உருண்டு கிடந்தது. இடக்கை நெஞ்சுக்கு அடியில் இருந்ததால் நாய் தொடவில்லை. நான் புரட்டிப் பார்த்தேன். இரண்டு விரல் மடங்கியிருந்தது. நீங்கள் முறித்த விரல்கள். அவற்றை வைத்துத்தான் என் தம்பியை அடையாளம் கண்டேன்.

தூக்க ஆண்கள் இல்லை. வேலிக் கதியாலையும் காவோலையையும் அடுக்கி அந்த இடத்திலேயே எரித்தோம். கொள்ளி வைத்தது நான். பெண் வைக்கக்கூடாதென்று சொல்லக்கூட ஊரில் ஒருவரும் இருக்கவில்லை.

அதன் பிறகுதான் வீட்டைத் திறந்தேன். பூட்டு நான் பூட்டியபடியே இருந்தது. பீப்பாயில் கழுத்தளவு தண்ணீர் அப்படியே நின்றது. உங்கள் வால்வின் ஓட்டையைச் சுண்ணாம்பு அடைத்துக் கல்லாகியிருந்தது, குண்டூசியால் குத்தியும் உடையவில்லை. முதற்கிழமைக்கு மேல் அது வேலை செய்திருக்காது. ஆனால் தொட்டி வற்றவில்லை. வெடி அதிர்ச்சியில் கண்ணாடி போன யன்னலுக்குள்ளால், கமுகம் சலாகையில் தண்ணீர் ஓடக் குடைந்த ஒரு பீலி யன்னல் கம்பிக்கு ஊடே நுழைந்து தொட்டி விளிம்பில் கிடந்தது. வெளியே, ஏறி நிற்க இரண்டு கல். கிணற்றில் அள்ளி, வெளியில் நின்றபடியே பீலியில் ஊற்றியிருக்கிறான். ஒரு தகரப் பேணியில் நுளம்புப் புழுவும் பிடித்து வைத்திருந்தான், மீனுக்குத் தீனியாக. அவன் உங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை.

இரத்தினம்மா அக்கா குடும்பம் ஒக்டோபர் கடைசியில் ஓடும்போது இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "நீங்கள் போங்கோ அக்கா, மீன் செத்தா எங்கடை அக்காவுக்கு அடி விழும்" என்றானாம். அவன் ஓடித் தப்பியிருப்பான் என்று எழுதினீர்கள். அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நாள் கேட்கக் கோவிலுக்குப் போனேன். "என்ன திதியிலை போனவன்?" என்று ஐயர் கேட்டார். சுட்டதை யாரும் காணவில்லை, எந்தப் பக்கத்து வெடி என்றும் தெரியாது. "நாள் தெரியாட்டி அமாவாசையிலை செய்யலாம் பிள்ளை, இப்ப கனபேர் அப்பிடித்தான்" என்றார். யாரோ எவரோ என்று கூட்டத்தோடு கூட்டமாக அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கமாட்டேன் என்று திரும்பி வந்து, தொட்டியடியில் குந்திவிட்டேன். கண்ணாடியில் அடிமட்டம் இன்னும் ஒட்டியபடி இருந்தது. மேல் மட்டத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று. இடையில் வேறு கோடு இல்லை. அதாவது ஒரு நாளும் தவறவிடாமல் நிரப்பியிருக்கிறான். நான் வந்த அன்று தண்ணீர் அந்தக் கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் கீழே நின்றது. நாளுக்குக் கால் அங்குலம். எட்டு நாள். பதினாறில் எட்டைக் கழித்தேன். நவம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. ஐயர் பஞ்சாங்கம் பார்த்து, ஐப்பசி அபரபட்சத் திருதியை என்று எழுதித் தந்தார்.

அவனை வீட்டுக்கு அண்டாமல் பண்ண நீங்கள் அளக்கச் சொன்ன அளவு அது.

"என் வாசற்படி" என்று எழுதியிருந்தீர்கள். இந்த வீடு அம்மாவும் அப்பாவும் எனக்குச் சீதனமாய்த் தந்தது, காணி உறுதியில் இருப்பது என் பெயர். இத்தனை வருசமும் உங்களுடையது என்று உங்களைச் சொல்லவிட்டது என் பிழை. அன்றைக்கே திறப்பை அவன் கையில் கொடுத்திருந்தால், பகலெல்லாம் கிணற்றுக்கும் யன்னலுக்கும் வெளியில் திரியாமல் கதவடைத்து உள்ளே இருந்திருப்பான். அந்தப் பாவத்தை நான் சுமக்கிறேன். உங்கள் பங்கை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள்.

மீன்களைச் சாகவிடமாட்டேன், அவன் உயிரைக் கொடுத்துக் காத்தவை. விடியற்காலையில் நான் ஊற்றுகிறேன். பச்சைச் சேலையையும் வால்வையும் கமலாவதி மச்சாளுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். லீவில் வந்தால் அங்கே போய் இறங்குங்கள்.

ஒவ்வொரு ஐப்பசியும் அந்தத் திருதியையில் வீட்டுக்கு நடுவே தம்பிக்கு இலை போடுவேன். அன்றைக்கு முன்கதவு திறந்திருக்கும், அவன் வாசற்படியால் உள்ளே வருவான். நீங்கள் அன்றைக்கும் வரவேண்டாம், மற்ற நாளிலும் வரவேண்டாம்.

சீவரத்தினத்தின் அக்கா,
பாலேஸ்வரி