ஒற்றைக் கயிற்றில் ஆடும் தூளிகள்

இன்று காலை தூளிக் கயிறு அறுந்துவிட்டது. நீ முறுக்கிக் கட்டிய அதே தேங்காய் நார்க் கயிறுதான். மழையில் ஊறிய அதன் மக்கல் வாடை கையில் ஏறியதும் நீ பின்னால் நிற்கிறாய் என்றே எனக்குப் பட்டது. சட்டென்று திரும்பிக்கூடப் பார்த்தேன். சிரிக்கிறாயா? சிரி, உனக்கென்ன.

அப்போது நான் கூலாய்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி. மேட்டு வீட்டில் பிள்ளை வளர்த்ததைத் தவிர வேறொன்றும் அறியாதவள். நீ கீழே ஆயாக் கொட்டகையில், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். இருவருக்கும் ஒரே வயது. என் கடைசி மகனையும் ஜோகூர் பாருவில் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்தும் பள்ளியில் தங்கிப் படிக்க விட்டுவிட்டு வந்த பிறகு, வீட்டில் கூட்டுவதற்குக்கூடக் குப்பை விழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் கொட்டகையிலிருந்து அழுகைச் சத்தம் மேலே வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் இறங்கி வந்துவிட்டேன்.

"வாங்க கிராணியம்மா, வழி தவறிட்டீங்களா?" என்றாய். நக்கல் உனக்குப் பிறவிக் குணம்.

கொட்டகை நீளத்துக்கும் தூளிகள். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து, மூலையில் பலகை போட்டு உட்கார்ந்து நீ இழுப்பாய். எல்லாம் ஒன்றாக ஆடும். அதில் ஒரு சங்கடமும் இருந்தது. பிள்ளை வராத தூளியும் சேர்ந்து ஆடிவிடும். வெறுந்தூளி ஆடினால் ஆகாது என்று தாய்மார் பதறுவார்கள். அதனால் வெறுந்தூளிக்குள் நீ ஒரு அம்மிக் குழவியைக் கிடத்தி வைப்பாய். "கல்லுப் பிள்ளைங்க. அழாது, ஒண்ணுக்குப் போவாது. இதுதான் நமக்குத் தோதான பிள்ளை" என்பாய்.

கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு நீ கஞ்சி காய்ச்சப் போனாய். நான் இழுத்தேன். அத்தனை பிள்ளைகளும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கித் தூங்கின. என் பிள்ளைகள் தூங்கியபோதெல்லாம் அப்பாடா என்றுதான் இருந்தது. அன்று சந்தோஷமாக இருந்தது. நான் எதற்கோ உதவுகிறவள் என்று தோன்றியது. மறுநாளும் வந்தேன். அப்புறம் வராத நாளே இல்லை.

வீட்டில் தெரிந்ததும் வெடித்தது. "கிராணி பொண்டாட்டி ஆயா வேல பாக்குறாளாம். நாளைக்கு விடியக்காலம் பெரட்டுல நின்னு ஆளுங்க பேரக் கூப்பிட்டா எவன் என்னை மதிப்பான்?" என்று அவர் குதித்தார். "கூப்பிடுறது அவங்க பேரைத்தானே, ஒங்க பேரை இல்லையே" என்றேன். ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சில்லை. போகட்டும் என்று நான் வந்துகொண்டே இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றோரக் காட்டை வெட்டத் தொடங்கினார்கள். மரம் விழும் சத்தம் கொட்டகை வரைக்கும் வரும். வெட்டிய இடமெல்லாம் தண்ணீர் தேங்கிக் கறுத்தது. பட்டப்பகலில் கொசு மொய்த்தது. முதல் காய்ச்சல் வந்த பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டது. அதன் தூளியை நான் அவிழ்க்கப் போனேன். பெற்றவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவிழ்த்தால் அடுத்த பிள்ளை தங்காதாம். நீ ஒரு குழவியைக் கொண்டுவந்து அதில் கிடத்தினாய். அந்த முறை நீ கேலி பேசவில்லை.

அப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் இன்னொன்று. கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் குழவிகள் தீர்ந்துபோய் ஆற்றிலிருந்து கல் பொறுக்கி வந்தோம். கயிறு நாளுக்கு நாள் கனத்தது. நான் ஜெபமாலையை எடுத்தால், "ஒங்க மாதா ஒரு பக்கம் நிக்கட்டும், எங்க மாரியாத்தா ஒரு பக்கம் நிக்கட்டும். நீங்க மொதல்ல காய்ச்சலுக்குக் கொய்னா மருந்தக் கரைங்க" என்பாய். பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுத்தாயே, நீ ஒழுங்காகக் குடித்தாயா? கசக்கிறது என்று வாயில் அடக்கி, திரும்பி நின்று துப்புவாய். எத்தனை தடவை திட்டினேன். பாவி!

ஒருநாள் நீ பலகையில் இல்லை. லயத்து வீட்டில் கோணியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடந்தாய். உன் கை அனலாகச் சுட்டது.

"அழாதே" என்றாய். 'கிராணியம்மா' போய்விட்டது, 'நீங்க'வும் போய்விட்டது. "நான் போனா இவளுங்க என் பலகையிலயும் கல்ல வெப்பாளுங்க. வெக்க விடாதே. நீ வந்து ஒக்காரு."

"வாயக் கழுவு" என்று கத்தினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் மாலை உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த விடியலில் நான் சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பியபோது அவர் வாசலை மறித்து நின்றார். இந்த முறை கோபமில்லை. பயம். "அங்க சாவு உக்காந்திருக்கு. லீவுக்குப் பிள்ளைங்க வருவாங்க. காய்ச்சல வீட்டுக்குள்ள கொண்டாந்துருவே."

எனக்கும் அதே பயம்தான். "கொட்டகையில ஆளில்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கையை விலக்கி நடந்தேன்.

நீ சொன்னபடியே பலகையில் ஒரு பெரிய கல் இருந்தது. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் தள்ளியே நின்றார்கள். "தொடாதீங்கம்மா, அங்க ஒக்காந்தா ஆகாது" என்றாள் ஒருத்தி. இரண்டு கையாலும் கல்லைத் தூக்கிக் கீழே வைத்தேன். உட்கார்ந்தேன். கயிற்றைப் பிடித்தேன். அப்புறம் ஒருத்தி வந்து தன் பிள்ளையைத் தூளியில் போட்டாள்.

நான் வேண்டும் வேண்டும் என்று தவித்த வேலை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. இத்தனை வருஷமாகியும் இது உன் பலகை என்றே இருக்கிறது. ஆனாலும் ஒரு நாள்கூட இதை விட்டுவிட மனம் வரவில்லை.

புதுக் கயிறு வாங்கிக் கோத்துவிட்டேன். உள்ளங்கையில் இன்னும் பழகவில்லை, அறுக்கிறது. மறுகரையில் காடு வெட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து மரம் விழும் சத்தம் கேட்கிறது. இன்று ஒரு பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. கொய்னாவைக் கரைத்து, முதலில் நான் குடித்தேன், துப்பாமல். பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பெரிய கல் என் காலடியிலேயே கிடக்கிறது. நான் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை.