மூச்சு கேட்கும் தூரம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று விசாரிக்கக்கூடத் தெம்பில்லை. குட்டிக்கு ஒன்றரை வயதாகியும் தூக்கம் பிடிபடவில்லை. கண் அசந்த சற்று நேரத்தில் வீலென்று எழுகிறாள். பிள்ளை தூங்காத வீடுகளுக்கெல்லாம் வழி சொல்லும் நர்ஸ் நீ. "உங்கக்கா ஊரையே தூங்க வைக்கிறாங்க, நாம மட்டும் வாட்ச்மேனா?" என்கிறார் இவர்.

உன் தங்கை

ஜூன் 9

செல்லத்துக்கு,

குளியல், பால், ஒரு பாட்டு, பிறகு விளக்கை அணை. தினமும் இதே வரிசை. கண் சொருகும்போதே, முழுதாகத் தூங்குமுன், தொட்டிலில் விடு. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார். சிணுங்கினால் குரல் கொடு, தூக்காதே. நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்து. தானாகத் தூங்கப் பழகினால், நடுவில் விழித்தாலும் தானாகவே தூங்கிவிடுவாள்.

அவள் எழுவதற்குச் சற்று முன் என்ன நடக்கிறது என்று கவனித்து எழுது. எல்லாரிடமும் கேட்பதுதான்.

அக்கா

ஜூன் 21

அக்கா,

அவளாக எழவில்லை. நான்தான் எழுப்புகிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்தால் மூச்சு கேட்கிறது. பிறகு கேட்பதில்லை. மூக்கருகே விரல் வைத்தாலும் மனம் ஆறுவதில்லை. பாதத்தைக் கிள்ளுகிறேன். அவள் அலறியதும்தான் எனக்கு உயிர் வருகிறது. நானெல்லாம் ஒரு தாயா?

பெரியவனும் ஒரு மத்தியானம் இப்படித்தான் சமர்த்தாகத் தூங்கினான். "புள்ள அசந்து தூங்குது, நீ நிதானமா சாப்பிடு" என்றார் இவர். நிதானமாகத்தான் சாப்பிட்டேன், அக்கா. எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

கிள்ளுவது இவருக்குத் தெரியாது.

உன் தங்கை

ஜூன் 25

தங்கமே,

அன்று நடந்தது யாருடைய பிழையும் இல்லை. டாக்டர் அப்போதே இதைச் சொன்னது உன் காதில் ஏறவில்லை. நான் சொன்னாலும் ஏறாது. இது குட்டியின் தூக்கம் பற்றியதே இல்லை. மனநல டாக்டரிடம் உனக்கு நேரம் வாங்கிவிட்டேன். லீவும் போட்டாயிற்று. சனிக்கிழமை வருகிறேன். நீ தூங்கு, குட்டியின் பக்கத்தில் நான் உட்காருகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்கா,

நீ போனபின் இன்றுதான் முதல்முறையாக நாற்காலியை அறைக்கு வெளியே போட்டேன். மத்தியானத் தூக்கம். நடுவில் சிணுங்கினாள். "அம்மா இங்கதாண்டா இருக்கேன்" என்றேன். சிணுங்கல் நின்றது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

இவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அம்மா சொன்னபடி எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன்.

"நீ கிள்ளுறது எனக்குத் தெரியும்" என்றார். "அவ அழுற சத்தம் கேட்டாத்தான் எனக்கும் தூக்கம் வரும்."

இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். யாரும் உள்ளே போகவில்லை.

இதை எழுதும்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறாள். என்று நம்புகிறேன்.

உன் தங்கை