பயாஃப்ரா நோட்டும் ங்கோசியும்

அக்கா,

உங்கள் மகன் இன்று காலை, நீங்கள் சேர்த்த வெளிநாட்டுப் பண நோட்டு ஆல்பத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். திறந்ததும் அந்துருண்டை வாசனை. ஒரு சாயங்காலம் என்னோடு டீ குடித்த நீங்கள் மறுநாள் உயிரோடு இல்லை. மாதம் ஒன்றாகியும் எனக்குத் திகைப்பு தெளியவில்லை.

தூத்துக்குடிப் பக்கமிருந்து இந்தப் பனியன் ஊருக்கு வந்து, ராயபுரத்தில் ஏற்றுமதியில் கழித்த செகண்ட்ஸ் பனியன் விற்கும் உங்கள் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த காலம். ஆப்பிரிக்க வியாபாரிகள் நிறைய வருவார்கள். அவர்கள் நாடு சுதந்திரமடைந்து முதன்முதலில் அச்சடித்த நோட்டைத்தான் எல்லோரிடமும் கேட்பீர்கள். "வெள்ளக்கார ராணி தலை போயி, சொந்த மாடு கன்னு, மரம் மட்டை வந்த நோட்டு கண்ணு. பாத்தாவே சந்தோசமா இருக்குது" என்பீர்கள்.

ஒரு மழை மத்தியானம். எப்போதும் சிரித்தபடி உங்களை "அக்காங்க" என்று கூப்பிடும் நைஜீரியாக்காரர், சரக்கு கட்டி முடியும்வரை ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் கை நின்றது. கோயம்புத்தூரில் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய பயாஃப்ரா நோட்டு. நைஜீரியாவிலிருந்து பிரிந்து, மூன்று வருடம்கூட நிலைக்காமல் போரில் அழிந்த நாடு அது.

"இருக்கறதுலயே இதுதானுங்க அழகு. அந்தச் சூரியனப் பாருங்க" என்றீர்கள்.

அவர் நிமிரவில்லை. பனியன் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அக்காங்க, சண்டை நேரம். அம்மா கையில இந்த நோட்டு நிறைய. மார்க்கெட்ல சோறு இல்ல. என் தங்கச்சி, சின்ன பேபி. வயிறு வீங்கி... பசியில செத்துட்டா."

இதையா நாம் அத்தனை நாளும் அழகு பார்த்தோம்! நோட்டை உருவி அவரிடம் நீட்டினீர்கள். "வேண்டாம், இங்கயே இருக்கட்டும்" என்று கையை விலக்கினார்.

"பாப்பா பேரு என்னங்க?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"ங்கோசி."

அந்த நவம்பரில், சர்ச்சில் இறந்தோருக்கான பூசைக்குப் பெயர் கொடுத்தபோது, உங்கள் அப்பா அம்மா பெயருக்கு அடியில் அதையும் எழுதினீர்கள். ஃபாதர் வாசிக்கத் தடுமாறி, "இது யாரும்மா?" என்றார்.

"எங்கூட்டுப் புள்ளைங்க, சாமி."

பிறகு வருடம் தவறாமல் எழுதினீர்கள். அந்த வியாபாரி திரும்ப வரவேயில்லை. அவருக்கு இது தெரியாது.

இன்று சாயங்காலம் உங்கள் கோயிலுக்குப் போனேன். நான் வேதக்காரியில்லை, கிறிஸ்தவப் பூசை முறையும் தெரியாது. ஆனாலும் பெயர் கொடுக்க வேண்டும் என்றேன். புது ஃபாதருக்கு 'ங்கோசி' வாயில் நுழையவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். "இன்னொரு பேரு?" என்றார்.

உங்கள் பெயரைத்தான் அக்கா, என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. எழுதிக் காட்டினேன்.