வளைகாப்பு வீட்டின் கொல்லைப்பக்கம்

என் கமலாக்கா,

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது உனக்கே தெரியும். ஆனாலும் பிரபுவைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முப்பது வருடம் கிராம சுகாதார நர்ஸாக இருந்தாய். கர்ப்பிணி யார் பதிவுசெய்ய வந்தாலும், "வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாராம்மா?" என்றுதான் முதலில் கேட்பாய். பிடிப்பார் என்றால் அந்த ஆளைத் தேடிப் போவாய். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிற நான் உன்னைக் கேலி செய்வேன்.

"விட்டுட்டேன்னு அவன் சொன்னா ஆச்சா அக்கா? எல்லாரும் பொய்தான் சொல்வாங்க."

"சொல்லட்டுமே. பொய் சொல்றதுக்காவது என்கிட்ட வரணும்ல?"

ஒன்றை மட்டும் நீ சரியாகக் கண்டுபிடித்திருந்தாய். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். அதுவரை அவளுக்குப் பயந்து விட்டிருந்தவன் மறுநாளே பெட்டிக்கடையில் நிற்பான். அதனால் வளைகாப்புகளுக்குப் போக ஆரம்பித்தாய். அத்தான் போன பிறகு உன்னை யாரும் வளையல் போடக் கூப்பிடவில்லை. எனக்கு ஆத்திரமாக வரும். "எதுக்குப் போய் நிக்கிற?" என்று ஒருநாள் கத்தினேன்.

"எனக்கு வேலை கொல்லைப்பக்கம்டி. புருஷன்காரன் அங்கதான நிப்பான்" என்றாய்.

சமையல்காரரின் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நாளையிலேர்ந்து தினம் நாலு மணிக்குப் போன் பண்ணுவேன் தம்பி, எடுக்கணும்" என்பாயாம். கூடத்தில் வளையல் சத்தம் கேட்கும்போது உனக்கு வலித்ததா அக்கா? நான் கேட்கவே இல்லை.

புரட்டாசியில் நீ போனாய். கார்த்திகையில் கவிதா என்ற பெண் போன் செய்தாள். பிரபுவின் மனைவி. அவன் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். "நர்சம்மா வளைகாப்புக்கு வரேன்னு சொல்லியிருந்தாங்க டீச்சர். நீங்களாவது வாங்க. எனக்கு ஏற்கெனவே இளைப்பு. இவர் விட்டாத்தான் பிள்ளையத் தூக்கிட்டு இந்த வீட்டுக்கு வருவேன். இல்லேன்னா கூத்தாநல்லூர்ல அம்மா வீட்டோட இருந்துடுவேன்" என்றாள். பேச்சில் விளையாட்டு இல்லை.

போனேன். கொல்லையில் புளிசாதத்துக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நாலைந்து கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. பிரபு வாயில் மிட்டாயை அதக்கியபடி, "விட்டாச்சு டீச்சர்" என்றான்.

"அப்படியா மாப்ளே? நான் அடுப்பே பத்த வைக்கல, அதுக்குள்ள இங்க புகை வந்துச்சே, அது யாரு விட்டது?" என்றார் சமையல்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நர்சம்மா தினம் போன் பண்றேன்னாங்க. நீங்க பண்ணுவீங்களா டீச்சர்?"

"எனக்கு கிளாஸ் இருக்கும்ப்பா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் பார்.

மறுநாள் நாலு மணிக்கு வகுப்பிலிருந்து வெளியே வந்து கூப்பிட்டேன். "இன்னிக்கு மூணு, டீச்சர்" என்றான். ஆறு என்று வைத்துக்கொண்டேன். நீயாக இருந்தால் ஏதாவது சொல்லி அவனைச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அது வராது. "சரி, நாளைக்குக் கூப்பிடறேன்" என்றேன். தினமும் அவ்வளவுதான் பேச்சு. மூன்று இரண்டானது, இரண்டு ஒன்றானது. மிஷின் சேற்றில் சிக்கிய அன்று மட்டும், "அஞ்சு, டீச்சர். மன்னிச்சிடுங்க" என்றான். அன்றைக்குத்தான் அவனை நம்பினேன். பொய் சொல்ல நினைப்பவன் எதற்காக ஐந்து என்று சொல்வான்?

நேற்று கல்லூரியில் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. மறந்தே போனேன். பைக்குள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன்.

"டீச்சர், மணி நாலரை ஆயிடுச்சு. உடம்பு கிடம்பு சரியில்லையா?" பின்னால் மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

"மீட்டிங்ப்பா."

"நான் பயந்துட்டேன். நர்சம்மாவும் இப்படித்தான் திடீர்னு..." என்று நிறுத்தினான். பிறகு, "இன்னியோட பதினொரு நாளு. ஒண்ணுகூட இல்ல. உங்ககிட்ட சொல்லாம வீட்டுக்குப் போகத் தோணல" என்றான்.

தாழ்வாரத்தில் போனைப் பிடித்தபடி நின்றேன். முப்பது வருடம் இப்படிப்பட்ட சாயங்காலங்களா உனக்கு? ஏன் என்னிடம் சொல்லவில்லை? இல்லை, நீ சொல்லச் சொல்ல நான்தான் ஆதாரம் கேட்டுக்கொண்டிருந்தேனா?

மாசியில் கவிதாவுக்குப் பிரசவம். அதுவரை அவன் தாங்குவானா, அதற்கப்புறம் தாங்குவானா, தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று உனக்காகக்கூடச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து என்றாலும் பத்து என்றாலும் திட்டாமல் கேட்பேன். பிள்ளையோடு அவள் அந்த வீட்டுப் படி ஏறும்வரை ஒருநாளும் தவறவிட மாட்டேன். இது சத்தியம்.

அடுத்த பருவத்தில் நாலு மணி வகுப்பு எனக்கு வேண்டாம் என்று இன்று எழுதிக் கொடுத்தேன். துறைத்தலைவர் காரணம் கேட்டார்.

"குடும்ப வேலை" என்றேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கை சுமதி